அப்பா நடத்தும் உதட்டு வகுப்பு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. போனில் சொல்ல வேண்டியதற்கு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு கதையை ஆரம்பித்தால் உன் அம்மா நடுவில் புகுந்து முடிவை முதலில் சொல்லிவிடுகிறாள், கடிதத்தில் அந்த வேலை நடக்காது, அதற்குத்தான். ஆனாலும் இப்போது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகியது சரியாகிவிட்டது, மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், முட்டிவலிக்குப் புதுத் தைலம் பரவாயில்லை, இதையெல்லாம் முதலில் எழுதுங்கள் என்றாள், எழுதிவிட்டேன். இனி என் கதை.

போன தடவை பேசியபோது நீ ஒன்று கேட்டாய். “இத்தனை வருஷம் பாத்த ஆபீஸ் வேலையை விட்டுட்டு மரவேலை கத்துக்கப் போறேன்னா எல்லாரும் சிரிப்பாங்களாப்பா” என்று கேட்டுவிட்டு நீயே சிரித்து மழுப்பிவிட்டாய். நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை, காரணம் நானே அப்போது நடு ஆற்றில் நின்றுகொண்டிருந்தேன், அக்கரையா இக்கரையா என்று எனக்கே தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, அதனால் சொல்கிறேன். சிரிப்பார்கள் குட்டிம்மா. நன்றாக வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நானே என்னைப் பார்த்துப் பலநாள் சிரித்திருக்கிறேன், உன் அம்மாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால் ஒன்றும் குறைந்துபோகாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதமும்.

மில்லை மூடியபோது நீ “போதும்பா, வாழ்க்கை முழுக்கத் தறியோட மல்லுக்கட்டியாச்சு, இனி ஓய்வா இருங்க” என்றாய். நானும் ஓய்வாக இருந்து பார்த்தேன். சமையலறை டப்பாக்களையெல்லாம் உயர வரிசைப்படி மாற்றி அடுக்கினேன், உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உன் அம்மா தவித்தாள், கடைசியில் “எங்கயாவது வேலைக்குப் போங்க, சம்பளம் தராட்டிக்கூடப் பரவாயில்ல” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். போனேன். கூரியர் ஆபீசில் போன் எடுக்கிற வேலை கிடைத்தது. என் குரல்தான் உனக்குத் தெரியுமே, ஓடுகிற தறிகளுக்கு நடுவில் வளர்ந்த குரல், மெதுவாகப் பேசத்தான் நினைத்தேன், ஆனால் எதிர்முனையில் இருந்தவர்கள் “ஏங்க திட்டுறீங்க” என்று கேட்டு அழாத குறை. அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். உன் மாமா தன் மேஜை நாற்காலிக் கடையில் சேர்த்துக்கொண்டான். வந்தவர் ஒரு நாற்காலியைக் காட்டி இது எப்படி என்றார், உங்கள் உடம்புக்குத் தாங்காது என்று உள்ளதைச் சொன்னேன். உன் மாமா அன்று சாயங்காலமே “அத்தான், நீங்க வீட்டுல அக்காவுக்கு ஒத்தாசையா இருங்களேன்” என்றான். வேலை தேடுகிறவர்களுக்கான கூட்டம் ஒன்றுக்கும் போனேன், அங்கே ஒரு பெண் ரொம்ப மரியாதையாக “உங்க திறமை என்னன்னு ஒரு வரியில சொல்லுங்க” என்றது. இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவேன் என்றேன். அந்தப் பெண் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

இதற்குள் வீட்டில் டிவி சத்தம் பெரிய பிரச்சினையாகிவிட்டது. நான் செய்தி கேட்டால் தெருவே செய்தி கேட்கிறதாம். உன் அம்மா என்னைக் காது பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வெளிக்கூடத்தில் வரிசையாக நாற்காலி, எல்லாம் காது கேளாதவர்கள், வரவேற்பில் இருந்த பெண் பேரைக் கூப்பிடுகிறது, கூப்பிடுகிறது, ஒருவரும் அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, யாருக்குக் கூப்பிட்டார்களோ அவர் முகத்துக்கு நேராக வாயை அசைத்து, கையைக் காட்டி, நீங்கதான், உள்ளே போங்க என்று சொன்னேன். மில்லில் நாங்கள் அப்படித்தானே பேசுவோம், தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது, ஷெட்டின் அந்தக் கோடியில் நிற்பவனிடம் இந்தக் கோடியிலிருந்து வாயசைப்பிலேயே வம்பு பேசி முடித்துவிடுவோம். காது பரிசோதிக்கிற மேடம் கதவோரம் நின்று இதைப் பார்த்திருக்கிறார். உன்னைவிட இரண்டு வயது சின்னவராக இருப்பார். என்னைச் சோதித்துவிட்டு வலது காது பாதி போய்விட்டது என்றவர், கூடவே “சார், காலைல மட்டும் இங்க வந்து எனக்கு உதவியா இருக்கீங்களா, கொஞ்ச நாள் பாப்போம்” என்றார். வலது காது போனதற்கு வருத்தப்பட எனக்கு நேரமே கிடைக்கவில்லை. உன் அம்மாதான் திரும்பும் வழியெல்லாம் “அப்ப நான் இத்தனை வருஷமா வலது பக்கம் படுத்துக்கிட்டு யார்கிட்டப் பேசினேன்” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. வருகிறவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டுவது, பயப்படாதீங்க, ஊசியெல்லாம் கிடையாது என்று சொல்வது, காது மிஷினைத் துடைத்துப் பேட்டரி மாற்றுவது. ஆனால் குட்டிம்மா, ஒன்று சொன்னால் நம்புவாயா, காலையில் எழுந்ததும் வேலைக்குப் போக வேண்டுமே என்று நினைக்காமல், போகலாம் என்று நினைத்தேன். சட்டையை நானே இஸ்திரி போட்டேன். மில்லில் என் ஆயுசெல்லாம் நூலைப் பார்த்தேன், நூல் என்னைப் பார்க்கவில்லை. இங்கே நான் வாயைத் திறந்தால் ஒரு மனுஷர் என் முகத்தையே பார்க்கிறார், புரிந்ததும் அந்த முகம் மாறுகிறது பார், அதற்காகவே இன்னொரு தடவை சொல்லலாம் போலிருக்கும்.

இப்படி ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாயால் கெட்டேன். காதுச் சோதனையில் இரண்டு பாகம் உண்டு. முதலில் பீப் சத்தம், அதை மேடம் பார்ப்பார். பிறகு வார்த்தை, ஹெட்போனில் பதிவு செய்த குரல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லும், உள்ளே இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவருக்கு எதிரே உட்கார்ந்து, சின்ன ஸ்பீக்கரில் அதே வார்த்தையைக் கேட்டு, சரியா தப்பா என்று குறிப்பேன். ஒருநாள் நம் பெல்ட் அண்ணனை அவர் வீட்டு அண்ணி கூட்டிக்கொண்டு வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், மில்லில் பெல்ட் மாற்றுவாரே, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வாரே, அவர்தான். பீப் சத்தம் அவருக்கு முக்கால்வாசி கேட்கவில்லை. வார்த்தை வைத்தால் அத்தனையும் சரி. ஒன்றுகூடத் தப்பவில்லை. மேடம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டார், நான் பெருமையாகக் குறித்துக்கொண்டே போனேன். அண்ணிக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. “பாத்தீங்களா தம்பி, நான் சொல்லலை? சத்தம்தான் கேக்காதாம், பேச்சு நல்லாக் கேக்குதாம். இத்தனை வருஷமா நான் கூப்பிடுறப்பல்லாம் இந்த மனுஷன் நடிச்சிருக்கார்” என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார். அண்ணன் பாவம், அண்ணி என்ன சொல்கிறார் என்றே தெரியாமல் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அது ஒப்புக்கொண்டதாகிவிட்டது.

மறுவாரம் இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லையாம், அண்ணி தன் தங்கை வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டிவிட்டாராம். மேடம் தானே உட்கார்ந்து, வார்த்தைகளைத் தன் வாயாலேயே சொல்லி மறுபடி சோதித்தார். வாய்க்கு முன்னால் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டார், அப்படித்தான் செய்ய வேண்டுமாம். பெல்ட் அண்ணனால் ஒரு வார்த்தையைக்கூடத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. போன வாரம் சோதனை மிஷின்தான் கெட்டிருக்க வேண்டும், கம்பெனிக்காரனைக் கூப்பிடுகிறேன் என்று மேடம் போனை எடுத்தார். நான் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் என் வாய் என்ன செய்துகொண்டிருந்தது? ஸ்பீக்கரில் கேட்ட ஒவ்வொரு வார்த்தையையும் நான் உதட்டால் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன், எதிரே ஒரு மில்காரர் உட்கார்ந்திருந்தால் என் வாய் சும்மா இருக்குமா, அவர்தான் அதைப் படிக்காமல் இருப்பாரா? இரண்டு பேரும் சேர்ந்து, இரண்டு பேருக்குமே தெரியாமல், பரீட்சையில் காப்பி அடித்திருக்கிறோம். பேசாமல் இருந்தால் பழி மிஷின்மேல் போய்விடும். ஆனால் அண்ணியின் பெட்டி வாசலில் இருக்கிறதே. “மேடம், மிஷின் நல்லாத்தான் இருக்கு. கெட்டது என் வாய்” என்றேன்.

மேடம் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நான் உட்கார்ந்து குறித்த எல்லோரையும் திரும்ப வரவழைக்க வேண்டும் என்றார். காது கேளாதவர்களுக்கு எப்படிப் போன் செய்வது? வீடு வீடாக நானே போய், கதவைத் தட்டி, கதவு தட்டுவது கேட்காமல், ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, அசடு வழிய விஷயத்தைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரான பெரிய டாக்டர் “இந்த ஆளால நம்ம பேரு கெட்டுப்போகும், அனுப்பிடும்மா” என்றார், நான் கதவுக்கு வெளியேதான் நின்றேன், அவர் வாயைப் பார்த்ததிலேயே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன். “அந்த வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்கன்னு கல்யாணமான நாளா நான் சொல்றேன், ஒரு டாக்டர் வந்து சொல்ல வேண்டியிருக்கு” என்று உன் அம்மா சொல்லிவிட்டு, நான் சிரிக்கவில்லை என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நாற்காலிக் கடையை விட்டு வந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை குட்டிம்மா. இந்த வேலை போய்விடுமே என்றபோது, இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே எடுத்துவைக்க மனசு வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது, இதுதான் என் வேலை என்று. மில்கூட என் வேலை இல்லை, அது நான் போன இடம்.

மறுநாள் போனால் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெல்ட் அண்ணனுக்கு எதிரே உட்காரவைத்து, “சத்தமே இல்லாம ஏதாவது பேசுங்க சார்” என்றார். பேசினேன். அண்ணன் பதில் சொன்னார், இரண்டு பேரும் மில் கேன்டீன்காரனைப் பற்றி வம்பே பேச ஆரம்பித்துவிட்டோம். பிறகு ஒரு பாட்டு டீச்சரைக் கூட்டிவந்தார், காது முழுக்கப் போய்விட்டது, மிஷின் வைத்தாலும் இரைச்சல்தான் கேட்கும், நாலு பேர் கூடுகிற இடத்துக்கே போவதை விட்டுவிட்ட அம்மா. அவருக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. நான் விடாமல் திரும்பத் திரும்பச் சொல்ல, கடைசியில் “சாப்பிட்டீங்களான்னா கேக்கிறீங்க?” என்றார். நான் தலையாட்டியதும் அழுதுவிட்டார். மேடம் பெரிய டாக்டரிடம் போய் “எதிர்ல உட்கார வச்சது நான், தப்பு என்னோடதும்தான் சார். ஆனா மிஷினும் உதவாதவங்களுக்கு உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கச் சொல்லித் தர இங்க யாருமே இல்ல, இவரைப் பயிற்சிக்கு அனுப்புவோம்” என்று வாதாடியிருக்கிறார். ஒரே ஒரு வகுப்பு நடத்தட்டும், கடைசி நாள் நான் வந்து பார்ப்பேன், ஆட்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றால் அத்தோடு சரி, இதுதான் பெரிய டாக்டர் சொன்ன முடிவு.

பத்தாவதில் கணக்கில் தவறியவனைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வகுப்பிலேயே வயதானவன் நான்தான், முதல் நாள் எல்லோரும் என்னை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள். சொல்லிக்கொடுத்த அம்மா ரொம்பக் கண்டிப்பு. மில்லில் கற்றதெல்லாம் போதும் என்று நினைத்துப் போனேன், பாதி தப்பு என்று சொல்லிவிட்டார். வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்தால் பார்ப்பவருக்குக் குழப்பம்தான் வரும், சாதாரணமாகப் பேசுங்கள், கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள், மீசையைக் கத்தரியுங்கள் என்றார். மீசை போயிற்று. ப, ம இரண்டும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும், அதனால் எழுத்தைத் துரத்தாமல் முழு வாக்கியத்தைப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டும், இப்படி எத்தனையோ விஷயம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகுவேன். உன் அம்மா துணி மடித்துக்கொண்டே “இப்பக் கண்ணாடிகிட்டயும் சண்டையா” என்பாள். ஆனால் பரீட்சைக்கு முதல்நாள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டது அவள்தான். தேறிவிட்டேன். அவள் எட்டு வீட்டுக்குச் சொன்னாள், அதில் இரண்டு வீடு எங்களோடு பேசாத வீடு.

இங்கே உனக்கு ஒரு வார்த்தை. நமக்கு எது நன்றாக வரும் என்று தேடும்போது நல்ல பேர் வாங்கிய இடத்தில் மட்டும் தேடாதே, திட்டு வாங்கிய இடத்திலும் தேடிப் பார். என் வாய்க்கு நான் வாங்காத திட்டு இல்லை. நீயும் சின்ன வயதில் வீட்டு அலமாரிக் கதவையெல்லாம் கழற்றிப்போட்டு அடி வாங்கியவள்தானே. ஆனால் ஒரேயடியாக ராஜினாமாவை வீசிவிட்டு வராதே, முதலில் லீவு நாட்களில் அந்த மரவேலைப் பட்டறைக்குப் போ, விரலில் சிராய் ஏறியபிறகும் மறுவாரம் போகத் தோன்றினால் அப்புறம் யோசி. மாப்பிள்ளையிடம் கலந்து பேசு. உளி பிடிக்கும்போது வளையலைக் கழற்றி வை, இது அம்மா சொல்லச் சொன்னது.

என் வகுப்புக்கு எட்டுப் பேர் சேர்ந்தார்கள். பெல்ட் அண்ணன் எனக்கு உதவியாளர் என்று தானே சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அண்ணிக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் வந்தார், பெட்டியைப் பிரித்துவிட்டார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் கேட்காது, முகத்துக்கு நேரே வந்து பேச வேண்டும் என்பதை அண்ணி பிடித்துக்கொண்டார், இப்போது முகத்துக்கு நேரே வந்து திட்டுகிறாராம், முன்பு இருந்ததே தேவலை என்கிறார் அண்ணன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தையல் கடை அம்மா ஒருவர், பாட்டு டீச்சர், இப்படி ஆள் குறையாமல் கடைசி நாள்வரை வந்தார்கள். கடைசி நாளில் நான் பாடத்தை ஆரம்பிக்குமுன் பாட்டு டீச்சர் எழுந்து நின்றார். பல வருஷம் கழித்துத் தன் அக்கா வீட்டு விருந்துக்குப் போனாராம். மேஜையின் அந்தக் கோடியில் அக்கா வீட்டுக்காரர் தன் தம்பியிடம் “அவளுக்குத்தான் ஒண்ணும் கேக்காதே, நீ தைரியமாப் பேசு” என்றாராம். டீச்சர் இந்தக் கோடியிலிருந்து “கேக்கலை அத்தான், ஆனா நல்லாத் தெரியுது, பேசுங்க” என்றாராம். அந்த விருந்தில் அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லையாம், டீச்சர் மட்டும் இரண்டாந்தடவை வாங்கிச் சாப்பிட்டாராம்.

வகுப்பு கைதட்டியது பார், காது கேளாதவர்கள் தட்டினால் எவ்வளவு சத்தம் என்று அவர்களுக்குத் தெரியாதே, கட்டடமே அதிர்ந்தது. பக்கத்து அறையில் ஒருவருக்குக் காதுச் சோதனை நடந்துகொண்டிருந்தது, அது நின்றுபோயிற்று. சத்தத்தை அடக்க மேடமும், வகுப்பைப் பார்க்கவென்றே வந்திருந்த பெரிய டாக்டரும் எங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றிருக்கிறார்கள். எனக்கு அது முதுகுப் பக்கம், நான் பார்க்கவில்லை. திடீரென்று கைதட்டல் நின்றது. எல்லாக் கண்ணும் என் தோளைத் தாண்டிக் கதவையே பார்க்கிறது. என்ன ஆயிற்று என்று நான் விழிக்கிறேன். பாட்டு டீச்சர் கண்ணை எடுக்காமல், பள்ளிக்கூடத்தில் விடை சொல்கிற பிள்ளைபோல, “ஆளு கெட்டிக்காரன்தான்” என்றார். தபால்காரர் “ஒண்ணாம் தேதியிலேருந்து” என்றார். தையல் கடை அம்மா “நிரந்தரமா வச்சுக்கலாம்” என்றார். பெல்ட் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார், “டேய், ‘இப்பவே அவன்கிட்டச் சொல்லிடாதம்மா, தலைகால் புரியாது’ங்கறாருடா!” என்று தறி ஓடுகிற ஷெட்டில் கத்துவதுபோலக் கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

எழுத எழுத உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், கேட்டால் முட்டிவலி என்கிறாள். நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், உன் கைக்கும் மனசுக்கும் ஒத்த வேலை உனக்கு அமைய வேண்டும், நீயும் மாப்பிள்ளையும் நீண்ட காலம் நிறைவாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வீடியோவில் பேசும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே, வெளிச்சம் உன் முகத்தில் விழ வேண்டும், போனைத் தாடைக்குக் கீழே பிடித்துக் கூரையைக் காட்டாதே. வாத்தியார் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

என்றும் உன் நினைவில் இருக்கும்,
மீசை இல்லாத உன் அப்பா